சிப் பாதுகாப்புத் துறையில் வேலை கிடைக்குமா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

ஈ.சி.இ. மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், சிப்புக்குள் யாரோ ஒளித்து வைத்த சதி மின்சுற்றைக் கண்டுபிடிக்கும் வேலைக்குப் போகப்போவதாகச் சொல்கிறாள். அப்படி ஒரு வேலை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு அம்மா. ஆனால் பி.இ. முடித்த கையோடு அதே பெயரில் கிடைப்பது அபூர்வம்.

இன்றைய சிப் ஓரிடத்தில் வடிவமைக்கப்பட்டு, வெளியாரிடம் வாங்கிய பகுதிகள் சேர்க்கப்பட்டு, பெரும்பாலும் வேறு நாட்டில் தயாராகிறது. நடுவில் ஒருவர் கைவரிசை காட்டினால் அது ஹார்ட்வேர் ட்ரோஜன். குறிப்பிட்ட ஒரு 32 பிட் எண் (0, 1 மட்டுமே கொண்ட 32 இலக்க எண்) வந்தால் மட்டும் விழிக்கும்படி அதை வைத்துவிட்டால், சோதனையில் அந்த எண் தற்செயலாக வர சுமார் 429 கோடியில் ஒரு வாய்ப்புதான். சொன்ன வேலையைச் சிப் செய்கிறதா என்றுதான் வழக்கமான சோதனை பார்க்கும். சொல்லாததையும் செய்கிறதா என்று பார்ப்பது தனி வித்தை. ஜெர்மனியில் 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், சிப்புகளை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் படமெடுத்து வடிவமைப்புக் கோப்போடு ஒப்பிட்டார்கள். ட்ரோஜனைப் போல வேண்டுமென்றே செய்து வைத்த 40 மாற்றங்களில் 37 சிக்கின. தப்பிய மூன்றும், சோதித்தவற்றிலேயே மிக நுண்ணிய 28 நானோமீட்டர் சிப்பில் இருந்தவை. ஆக, இந்தத் துறையில் வேலை இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது!

சரி, வழி என்ன? முதல் வேலையாக டிசைன் வெரிஃபிகேஷனை, அதாவது தயாரிப்புக்குப் போகுமுன் சிப் வடிவமைப்பில் பிழை தேடும் வேலையை, குறிவைக்கச் சொல்லுங்கள். பெங்களூரு, ஹைதராபாத், சென்னையில் அதற்கு ஆள் எடுக்கிறார்கள். பிழை தேடிப் பழகிய கண்தான் பிறகு சதியையும் தேடும். சிப் சுற்றுகளை எழுதவும் சோதிக்கவும் பயன்படும் கணினி மொழிகளான வெரிலாக், சிஸ்டம் வெரிலாக் இரண்டும் கைக்கு வந்திருக்க வேண்டும். வேலைவாய்ப்பு உத்தரவாதம் என்று லட்சக்கணக்கில் கேட்கும் பயிற்சி நிலையத்துக்கு இப்போதே ஓட வேண்டாம். ஹார்ட்வேர் செக்யூரிட்டி பாடம், ஐ.ஐ.டி.க்களின் இணையவழிப் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்.-லில் இலவசமாகவே இருக்கிறது. டிரஸ்ட்-ஹப் தளத்தில் ட்ரோஜன் புகுத்திய மாதிரிச் சுற்றுகள் கிடைக்கும். ஒன்றை இறக்கி, எந்த உள்ளீட்டில் அது விழிக்கிறது என்று அவளே கண்டுபிடிக்கட்டும். ரெஸ்யூமேயில் பத்து சான்றிதழ்களைவிட அது எடுபடும்.

ஆராய்ச்சிப் பக்கம்தான் மனம் போகிறது என்றால் மேற்படிப்பு வேண்டும். அதற்கு எம்.டெக். சேர்க்கைக்கான கேட் நுழைவுத் தேர்வுத் தயாரிப்பை இந்த விடுமுறையிலேயே தொடங்கிவிடலாம். ஐ.ஐ.டி. மெட்ராஸ் வடிவமைத்த சக்தி ப்ராசஸர் ஓப்பன் சோர்ஸ், அதாவது அதன் வடிவமைப்பை யாரும் பார்க்கலாம். அதன் நிரலை (code) இப்போதே அவள் திறந்து படிக்கலாம். முதல் வாரம் தலை சுற்றும், பரவாயில்லை.