ஆற்றங்கரையில் மாட்டுப் பண்ணை வைத்தால் வெள்ளத்தை எப்படிச் சமாளிப்பது?

மியான்மரின் பகோ ஆற்றை ஒட்டிய நிலத்தில் இருபது மாடுகளுடன் பண்ணை தொடங்க எண்ணுவதாகவும், வெள்ளத்துக்கு என்ன முன்னேற்பாடு வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதே ஆற்றிலிருந்து சற்றுத் தள்ளி (எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்றும் அது பழைய பெயரில் பெகுதான்) கறவை மாடுகளும் இரண்டு எருமைகளும் வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. வெள்ளத்தன்று எங்களிடமிருந்து போனது ஒரு கன்று மட்டுமே; நாங்கள் இழந்த மற்றவையெல்லாம் நீர் வடிந்த பிறகு போனவை.

2023 அக்டோபரில் பகோ நகரம் மூழ்கியபோது, மழைக்கால முடிவில் வரும் பௌத்தத் திருவிழாவான தடிஞ்சூ பௌர்ணமி நெருங்கிவிட்டது, இனி மழை இல்லை என்றே நினைத்திருந்தோம். ஆற்றின் கீழ்ப்பகுதியில் கடலேற்றம் உள்ளே ஏறி வரும் என்பதால், பெகு யோமா மலைப்பக்கத்து மழைநீரும் ஏற்றமும் ஒரே நேரத்தில் சேர்ந்தால், உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும் நீர் வடிய வழியின்றி உயரும். அப்பா அன்றிரவு முதலில் செய்தது எல்லாத் தும்புகளையும் அறுத்துவிட்டதுதான். அவிழ்த்துவிட்ட மாடு நீந்தி மேட்டைப் பிடித்துவிடும். முளையில் கட்டிய மாடு கயிற்றோடு போராடியே களைத்து மூழ்கும். எங்கள் மாடுகள் பௌத்த மடத்து மேட்டில் ஏறி நின்றன. இருட்டில் எவர் கண்ணிலும் படாத ஒரு கன்றின் கயிறு மட்டும் அறுபடவில்லை.

அடுத்த இரு வாரங்களில் ஓர் எருமையும் இரண்டு பசுக்களும் தொண்டை அடைப்பானில் இறந்தன. கடுங்காய்ச்சல், தொண்டையில் வீக்கம், வாயில் எச்சில், மூச்சுத் திணறல் என்று தொடங்கினால் ஓரிரு நாளில் முடிந்துவிடும் நோய் அது. எருமையை இன்னும் விரைவாக வீழ்த்தும். தடுப்பூசி போட்டு எதிர்ப்பு உண்டாக இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால், நீரைப் பார்த்த பிறகு ஊசி தேடுவதில் பெரும் பயனில்லை, மழைக்காலத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும். அந்த ஆண்டு நாற்று நடவு வேலையைக் காரணம் காட்டி அதைத் தள்ளிப்போட்டவன் நான்தான்.

தீவனத்தில் நாங்கள் செய்த தவறு இன்னொன்று. நனைந்த கடலைப் பிண்ணாக்கை வெயிலில் காயவைத்துக் கொடுத்தோம். காய்ந்தாலும் பூஞ்சையின் நஞ்சு போகாது. அது மாட்டின் ஈரலைக் கெடுப்பதோடு பாலிலும் இறங்கும். மூட்டையோடு குழியில் புதைத்திருக்க வேண்டும். வைக்கோல் போரை இப்போது ஆளுயர மூங்கில் பரணின் மேல்தான் போடுகிறோம். மடத்து மேட்டில் நான்கு நாள் பட்டினி கிடந்த மாடுகளுக்கு இரக்கப்பட்டுத் தவிட்டை அள்ளிக் கொட்டாமல், முதலில் உலர்ந்த வைக்கோலைச் சிறிது சிறிதாகக் கொடுத்தது மட்டும் நாங்கள் சரியாகச் செய்தது.

சேற்றில் நின்று மென்மையான குளம்புகளைக் கழுவி, உலர்ந்த தரையில் நிறுத்தி, குளம்பிடுக்கில் புண் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். வெள்ளம் நின்ற மேய்ச்சல் நிலத்தில் நத்தைகள் பெருகி ஈரல் புழுவைப் பரப்பும் என்பதால், இரண்டு மூன்று மாதம் கழித்து மருத்துவரிடம் சாணத்தைச் சோதித்துக் குடற்புழு மருந்தோடு அதற்குரிய மருந்தையும் கேட்டு வாங்குங்கள்; சாதாரணக் குடற்புழு மருந்துகள் பல ஈரல் புழுவைத் தொடுவதில்லை.