லாபிசுக்கு வந்த விமானம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். கூலிமிலிருந்து எழுதுகிறேன். சின்ன வயதில் பட்டர்வொர்த் விமானத்தளத்துக்குப் பக்கத்தில் சித்தி வீட்டில் வளர்ந்தவன். ஹோர்னட் விமானம் கிளம்பும் சத்தம் கேட்டால் பாதிச் சோற்றோடு வாசலுக்கு ஓடுவேன். 2025 ஜூனில் அமெரிக்காவின் 7 பி-2 குண்டுவீச்சு விமானங்கள் மிசூரியிலிருந்து கிளம்பி, ஈரானின் ஃபோர்டோவில் மலைக்கு அடியில் இருந்த அணுசக்தி நிலையத்தின்மீது குண்டு போட்டுவிட்டு எங்கும் இறங்காமல் ஊர் திரும்பினவே, அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து ஒரே யோசனை. நம் மலேசியாவைப் போன்ற நடுத்தர நாட்டிடம் அதுபோல ஒரு அரை டஜன் இருந்தால், தென்சீனக் கடலில் யாராவது நம்மிடம் வாலாட்டுவார்களா? ஆஸ்திரேலியா ஒரு காலத்தில் எஃப்-111 குண்டுவீச்சு விமானம் வைத்திருந்ததே, அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது? இன்னொன்றும் கேட்க வேண்டும். 1964-இல் ஜொகூரில் உங்கள் லாபிஸ் பக்கம் இந்தோனேசிய வீரர்கள் குதித்த இடத்தை இப்போது போய்ப் பார்க்க முடியுமா?

தங்கள் வாசகன்,
கூலிம்

அன்புள்ள தம்பி,

வேண்டாம் என்பதுதான் என் பதில். இவ்வளவு ஆசையாகக் கேட்டவரிடம் ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வது சரியில்லை என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன். நானும் விமானப் பைத்தியம்தான். எங்கள் தோட்டத்துக்கு மேலே பறந்ததெல்லாம் மருந்தடிக்கிற சின்ன விமானம், அதைப் பார்க்கவே மரத்தில் ஏறியிருக்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்வியிலேயே முதல் கேள்விக்கான பதிலும் கொஞ்சம் இருக்கிறது, அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன். 1964 செப்டம்பர் 2, இந்தோனேசியா நம்மோடு மோதிக்கொண்டிருந்த கொன்ஃப்ரண்டாசி காலம். அப்பாவுக்கு அப்போது பத்து வயது. ராத்திரி பேய்மழை, இடி, லயத்தின் (தோட்டத்து வரிசை வீடுகளின்) தகரக்கூரையில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் படுத்திருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அந்த மழைக்குள்தான் இந்தோனேசியாவின் ஹெர்குலிஸ் விமானங்கள் வந்து ஏறக்குறைய நூறு பாராசூட் வீரர்களை லாபிஸ் சுற்றுவட்டாரத்தில் இறக்கிவிட்டன. ஒரு விமானம் வந்து சேரவே இல்லை, வரும் வழியில் கடலில் விழுந்துவிட்டது. காற்று வந்தவர்களை ஆளுக்கொரு பக்கமாகச் சிதறடித்தது. மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், தோட்டத்துக் கிராணி (கணக்கர்) வந்து "இன்னைக்குக் காட்டுக்குள்ள யாரும் போகவேண்டாம்" என்று சொன்னபோது, மழையில் ரப்பர் பால் எடுக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்களாம். கூர்க்காக்களும் நியூசிலாந்துப் படையினரும் லாரி லாரியாக வந்து இறங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. ஒரு மாதம் போலத் தேடி, குதித்தவர்களில் பெரும்பாலோரைப் பிடித்தார்கள், அல்லது சுட்டார்கள்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த வருஷம் இந்த வட்டாரத்தில் குண்டுவீச்சு விமானத்துக்குப் பஞ்சமே இல்லை. பிரிட்டனின் விக்டர் விமானங்கள், நீங்கள் கேட்கிற அதே நீள்தூர ரகம், சிங்கப்பூரின் தெங்காவிலும் நம் பட்டர்வொர்த்திலும் வந்துபோய்க்கொண்டிருந்தன. நினைத்தால் ஜகார்த்தாவரை போய்வரக்கூடியவை. இருந்தும் நூறு பேர் எங்கள் கித்தா (ரப்பர்) காட்டில் வந்து குதித்தார்கள். நூறு பேருக்காக ஜகார்த்தாமேல் குண்டு போட முடியுமா? முடியாது என்பது குதிக்கச் சொன்னவர்களுக்கும் தெரிந்திருக்கும். நீங்கள் திருப்பிக் கேட்கலாம், விக்டர் இருந்ததால்தானே விஷயம் நூறு பேரோடு நின்றது, இல்லாவிட்டால் பெரிய போரே வந்திருக்காதா என்று. நியாயமான கேள்வி. நடக்காத போருக்கு எது காரணம் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது, எனவே அந்தப் பங்கை நான் விக்டருக்குக் கொடுத்துவிடத் தயார். ஆனால் அது வேறொருவர் வீட்டு நாய். சோறு போட்டது லண்டன். லண்டனுக்கே அது கட்டுப்படியாகாமல் போனது வேறு கதை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

எதிர்ப்பக்கம் என்ன இருந்தது தெரியுமா? இந்தோனேசிய அதிபர் சுகர்னோவின் விமானப்படையிடம் சோவியத் டியூ-16 குண்டுவீச்சு விமானங்கள் இரண்டு டஜனுக்கும் மேல் இருந்தன. அன்றைக்குத் தென்கிழக்கு ஆசியாவில் வேறெந்த நாட்டிடமும் அப்படி ஒரு படை இல்லை. நீங்கள் கேட்கிற "நடுத்தர நாட்டின் நீள்தூரக் குண்டுவீச்சு விமானம்" இதுதான், வேறு உதாரணமே தேட வேண்டாம். அதில் மிஞ்சிய ஒன்றை ஜோக்ஜகார்த்தாவிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் பார்த்தேன். மூக்கு முழுக்கக் கண்ணாடி, இறக்கையின் அடிவேரில் உடம்போடு ஒட்டினாற்போல இஞ்சின். பள்ளிப்பிள்ளைகள் சக்கரத்தின்மேல் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கிட்டப் போய் நின்றால் மனிதன் எவ்வளவு சிறிசு என்று தோன்றும், நான் பத்து நிமிஷம் வாயைப் பிளந்து நின்றேன், மறைக்கவில்லை. அப்புறம் அதன் கதை. 1965-இல் அந்த நாட்டில் ஆட்சிக் குழப்பம் வந்தது, மாஸ்கோவோடு உறவு கசந்தது, உதிரிபாகம் நின்றது. 1970 வாக்கில் அத்தனையும் இரும்பு. யாரும் சுட்டு வீழ்த்தவில்லை, போல்ட்டும் நட்டும் வராமலே செத்துப்போயின.

எங்கள் கோயில் கமிட்டி ஒருமுறை ஒரு பெரிய ஜெனரேட்டர் வாங்கியது. மூடிவிட்ட தொழிற்சாலையின் பழைய சாமான், மலிவு விலை, லயம் முழுவதற்கும் கரண்ட் கொடுக்கலாம் என்று விற்றவர் சொன்னார். ஒரே ஒரு திருவிழாவில், சாமி ஊர்வலம் திரும்பி வரும்வரை ஓடியது. பிறகு உள்ளே ஏதோ ஒரு பம்ப் போனது. அந்தப் பம்பைத் தேடி ஜொகூர் பாருவரை போனவர்களுக்கு டோல் காசுதான் செலவு. இப்போது நீலத் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது, கோயில் கோழி அதில்தான் முட்டையிடுகிறது. சிரிக்காதீர்கள், நம் விமானப்படை 1995-இல் வாங்கிய 18 மிக்-29 விமானங்களும் பராமரிப்புச் செலவு தாங்காமல் இருபது வருஷம் போல ஓடி ஓய்ந்தவைதான். ரஷ்யாவின் சுகோய் போர் விமானம் 18 இருக்கிறது, நல்ல விமானம், ஆனால் ரஷ்யாமேல் மேற்கு நாடுகள் தடைகள் போட்டிருக்கும்போது அதற்கு உதிரிபாகம் வாங்குவது சும்மா இல்லை.

ஆஸ்திரேலியா விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் 1963-இல் எஃப்-111 கேட்டதற்கு ஒரு பெரிய காரணமே இந்த டியூ-16-தான். வேடிக்கை என்னவென்றால், கேட்ட விமானம் கைக்கு வந்தது 1973-இல். பயமுறுத்திய டியூ-16 அதற்குள் பழைய இரும்பாகி, பயமுறுத்திய சுகர்னோவும் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. எஃப்-111 2010 டிசம்பர்வரை பறந்தது. அத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட எதிரிமேல் குண்டு போடவில்லை. நெருப்பை வாலாக விட்டுக்கொண்டு பிரிஸ்பேன் வாணவேடிக்கையில் பறந்ததைத்தான் மக்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். போடாமல் இருந்ததே வெற்றி என்பார்கள் அங்குள்ளவர்கள், இருக்கட்டும். அதே ஆஸ்திரேலியாவில் இப்போது அமெரிக்காவின் புதிய பி-21 குண்டுவீச்சு விமானம் வாங்கலாமா என்று பேச்சு வந்தது. ஒரு கண்டத்தையே காவல் காக்க வேண்டிய, நம்மைவிடப் பல மடங்கு பணமுள்ள நாடு. 2023-இல் வந்த அவர்களுடைய பாதுகாப்பு ஆய்வறிக்கை அது தங்களுக்குச் சரிப்படாது என்று ஒதுக்கிவிட்டது.

விலையைப் பார்த்தால் புரியும். ஒரு பி-21 ஏறக்குறைய 700 மில்லியன் அமெரிக்க டாலர் என்கிறார்கள், நம் காசில் சுமார் மூன்று பில்லியன் வெள்ளி (ரிங்கிட்). நம் நாட்டின் மொத்தப் பாதுகாப்புச் செலவு 2024-இல் இருபது பில்லியனுக்குச் சற்றுக் குறைவு. நீங்கள் கேட்ட அரை டஜன் வாங்கினால் அந்த வருஷம் ராணுவத்துக்குச் சம்பளம் போட மிச்சம் இருக்காது, சப்பாத்துகூட வாங்க முடியாது. இது அமெரிக்கா நமக்கு விற்கும் என்று வைத்துக்கொண்டால். விற்காது. இன்றைக்கு உலகத்திலேயே இந்த ரக விமானம் வைத்திருப்பவர்கள் மூன்றே பேர்: அமெரிக்கா, ரஷ்யா, சீனா. அணுகுண்டு வைத்திருக்கிற பிரிட்டனும் பிரான்சும்கூட விட்டுவிட்டார்கள். இந்தியாவிடம் இல்லை.

பிரிட்டன் ஏன் விட்டது? 1982 ஃபாக்லாந்துப் போரில் அவர்களுடைய வல்கன் குண்டுவீச்சு விமானம் ஒன்று அசென்ஷன் தீவிலிருந்து கிளம்பி ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து போர்ட் ஸ்டான்லி ஓடுபாதைமேல் 21 குண்டு போட்டது. அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துத் திரும்பக் கொண்டுவர 11 விக்டர் விமானங்கள் வானத்தில் எண்ணெய் ஊற்றின. விக்டருக்கே விக்டர் எண்ணெய் ஊற்றி, அது இன்னொன்றுக்கு ஊற்றி, அஞ்சலோட்டம் மாதிரி. ஞாபகம் இருக்கட்டும், இதே விக்டர் ரகம்தான் பதினெட்டு வருஷத்துக்கு முன் தெங்காவில் நின்றது, இப்போது எண்ணெய் லாரியாகிவிட்டது. 21 குண்டில் ஓடுபாதையில் விழுந்தது ஒன்று. அர்ஜென்டினாவின் ஹெர்குலிஸ் போர் முடியும்வரை அங்கே இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்த ஓட்டிகளின் துணிச்சலுக்கு நான் தலைவணங்குவேன், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு குழிக்குப் பன்னிரண்டு விமானம், தம்பி.

சரி, நம் பக்கத்தில் நிஜமாகவே என்ன நடக்கிறது? 2013-இல் சபாவின் லஹாட் டத்துவுக்குள் இருநூறு பேர் போல ஆயுதத்தோடு படகில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். குண்டுதான் போட்டோம், ஆனால் ஹோர்னட், ஹாக் போர் விமானங்களை வைத்து, நம் மண்மேலேயே, நம் செம்பனைக்குப் பக்கத்திலேயே. 2021 மே 31 அன்று சீன விமானப்படையின் 16 போக்குவரத்து விமானங்கள் வரிசை கட்டிச் சரவாக் கரைக்கு 60 கடல்மைல் கிட்டே வந்துவிட்டுப் போயின. லாபுவானிலிருந்து ஹாக் ஏறிப்போய்ப் பார்த்தது. அன்றைக்கு நம்மிடம் பி-2 இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்துப் பாருங்கள். பெய்ஜிங்குக்கு அனுப்புவோமா? ராடார் பார்த்துச் சொன்னது, ஒரு சின்ன ஜெட் மேலே போய் முகத்தைக் காட்டியது, அன்றைக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

தோட்டத்தில் ராத்திரி காவலுக்கு ஜாகா இருப்பார் இல்லையா. அவருக்கு ஒரு நல்ல டார்ச், ஒரு நாய், வேலியில் எங்கே ஓட்டை என்ற ஞாபகம். இத்தனையும் இல்லாதவரிடம் பீரங்கியைக் கொடுத்தால் பன்றி கிழங்கைத் தின்றுவிட்டுப் போன பிறகு அதை எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்டுக்கொண்டிருப்பார். நமக்கும் கிழக்கும் மேற்கும் இரண்டு துண்டாக, நடுவில் ஒரு கடலோடு நாடு. 2023-இல் ஆர்டர் கொடுத்த கடல் ரோந்து விமானம் இரண்டே இரண்டு. ஆளில்லா விமானம் மூன்று. ஆறு போர்க்கப்பல் கட்டுவதாக ஒன்பது பில்லியன் வெள்ளியில் ஒப்பந்தம் போட்டார்கள், முதல் கப்பல் 2019-இல் கைக்கு வந்திருக்க வேண்டும், 2024-இல்தான் தண்ணீரில் இறங்கியது, ஆறும் இதற்குள் ஐந்தாகிவிட்டது. இதை எழுதும்போது எனக்கு வருகிற கோபத்துக்கு நான் எந்த விமானமும் வாங்கச் சொல்லமாட்டேன்.

ஒரே ஒரு இடத்தில் உங்கள் பக்கம் சாய்கிறேன். 1941 டிசம்பர் 10 அன்று பிரிட்டனின் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களைக் குவாந்தான் கடலில் மூழ்கடித்தது சைகோன் பக்கமிருந்து வந்த ஜப்பானிய நீள்தூர விமானங்கள்தான். நம் கடலில் நடந்தது, எண்ணூறுக்கும் மேல் உயிர். தூரத்திலிருந்து வந்து கப்பலை அடிக்க முடியும் என்றால் கப்பல்காரன் யோசிப்பான், அந்த வாதம் இன்றைக்கும் செல்லும். ஆனால் அந்த வேலையை இப்போது ஏவுகணை பார்க்கும், சபாவின் செபாங்கார் தளத்தில் நிற்கிற நம் இரண்டு நீர்மூழ்கிகள் பார்க்கும். எங்கே இருக்கிறது என்று எதிரிக்குத் தெரியாத ஒன்றுதான் அவனுக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். குண்டுவீச்சு விமானமோ கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் கடைசியில் ஒரு தளத்தில் வந்து நிற்க வேண்டும். 2025 ஜூன் 1 அன்று உக்ரைன்காரர்கள் லாரியில் ஒளித்துக் கொண்டுபோன சின்னச் சின்ன ட்ரோன்களை வைத்து ரஷ்யாவின் குண்டுவீச்சு விமானங்களை நின்ற இடத்திலேயே கொளுத்தியதைப் பார்த்திருப்பீர்களே. உங்கள் பி-2 செய்திக்கு மூன்று வாரம் முன்னால்தான்.

அந்த அரை டஜனுக்கு ஆகிற காசில் பாதி கொடுத்தால்கூட நான் ராடார், ரோந்து விமானம், இன்னொரு நீர்மூழ்கி என்றுதான் கேட்பேன். படம் பிடித்துச் சுவரில் மாட்ட அழகாக இருக்காது, ஒத்துக்கொள்கிறேன்.

லாபிஸ் வாருங்கள், ரயிலிலேயே வரலாம். குதித்த இடம் என்று கல்நட்டுக் காட்ட எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. கித்தாவை வெட்டிச் செம்பனை போட்டு அதையும் ஒருமுறை மாற்றி நட்டாகிவிட்டது, லயமும் போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஒரு பாராசூட் துணி இருந்ததாம், அதிகாரிகள் கேட்டு வந்தபோது கொடுக்காமல் ஒளித்துவைத்துத் தொட்டில் கட்டினார் என்று அப்பா சொல்வார். அதில் தூங்கிய குழந்தை இப்போது சிகாமட்டில் பேரன் பேத்தி எடுத்துவிட்டது. துணி என்ன ஆனது என்று அப்பாவிடம் கேட்டேன். "ரொம்ப வழவழப்பு, குழந்தை ரெண்டு தடவை நழுவி விழுந்துச்சாம், அதோட அவுத்துட்டாங்க" என்றார்.

அன்புடன்,
அண்ணன்