அர்ஜென்டோ ஏமாற்றினாரா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் பரிந்துரைத்த, அர்ஜென்டோ இயக்கிய இத்தாலியப் படமான ‘ப்ரொஃபோண்டோ ரோஸ்ஸோ’வைப் (1975) பார்த்தேன். கோப்ளின் குழுவின் இசை இரண்டு நாட்களாகக் காதை விட்டுப் போகவில்லை. ஆனால் கொலையாளி யாரென்று தெரிந்தபோது ஏமாற்றப்பட்டதாகவே உணர்ந்தேன். துப்பறியும் கதை என்றால் நமக்கும் ஒரு தடயம் தர வேண்டாமா? கொலைகளை அவ்வளவு நேரம் காட்டியதும் உறுத்தியது.

க., திருச்சி

அன்புள்ள க.,

படத்தை இன்னும் பார்க்காதவர்கள், பார்த்துவிட்டு வந்து இதைப் படிக்க வேண்டுகிறேன். கொலையாளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தத் தாழ்வாரத்தைப் பற்றிப் பேசாமல் உங்களுக்குப் பதில் சொல்ல முடியாது.

தடயம் மட்டுமல்ல, முகத்தையே காட்டிவிட்டார் டாரியோ அர்ஜென்டோ. அதுவும் முதல் பகுதியிலேயே. சன்னலில் ஹெல்கா என்ற பெண் சாவதைத் தெருவிலிருந்து பார்த்த பியானோக் கலைஞர் மார்க்கஸ் மாடிக்கு ஓடுகிறார். தாழ்வாரம் நெடுக வெளிறிய முகங்கள் கொண்ட ஓவியங்கள். அவற்றின் நடுவே ஒரு கண்ணாடி, அதில் கொலையாளியின் முகம். கண்ணிமைக்கும் நேரம்தான். மார்க்கஸ் அதை ஓவியம் என்று எண்ணிக் கடந்துபோகிறார், நாமும்தான். பிறகு, அங்கிருந்த ஓர் ஓவியம் காணாமல் போய்விட்டது என்றே அவர் நம்புகிறார். இரண்டாம் முறை பார்த்தபோது அந்த இடத்தில் படத்தை நிறுத்தினேன். முகம் அங்கேயேதான் இருந்தது. எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது.

இந்தப் படம் ‘ஜாலோ’ வகையைச் சேர்ந்தது. ‘ஜாலோ’ என்றால் இத்தாலிய மொழியில் மஞ்சள். மொண்டடோரி பதிப்பகம் 1929 முதல் மஞ்சள் அட்டையில் வெளியிட்ட துப்பறியும் நாவல்களால் அந்த வகைக்கே அது பெயராயிற்று. அந்த நாவல்களில் புதிரை அவிழ்ப்பது மூளையின் வேலை. அர்ஜென்டோ அதைக் கண்ணின் வேலையாக்கினார். மார்க்கஸாக நடித்த டேவிட் ஹெம்மிங்ஸ், 1966இல் இயக்குநர் அன்டோனியோனியின் ‘ப்ளோ-அப்’ படத்தில் தான் எடுத்த புகைப்படத்தில் ஒரு கொலையைத் தேடும் இளைஞராக வந்தவர். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

மார்க்கஸ் கீழே நின்று பார்த்த அந்தச் சதுக்கத்தையும் கவனியுங்கள். கதை நடப்பது ரோமில், ஆனால் படமாக்கிய இடம் டூரின் நகரத்து பியாட்ஸா சி.எல்.என். அங்கே அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பரின் ‘நைட்ஹாக்ஸ்’ ஓவியத்தைப் பார்த்து ஒரு மதுக்கூடத்தையே கட்டி எழுப்பினார்கள். தெருவில் ஓர் ஓவியத்தை நிஜக் கடையாக்கியவர், மாடியில் ஒரு நிஜ முகத்தை ஓவியங்களுக்குள் ஒளித்துவைக்கிறார். இத்தனை நேர்மையாக விளையாடியவரை ஏமாற்றுக்காரர் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

உங்கள் இரண்டாவது மனக்குறையை அப்படியே ஏற்கிறேன். கொதிநீரில் நிகழும் கொலையின்போது நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொலைக் காட்சிகளில் வரும் கறுப்புக் கையுறைக் கைகள் அர்ஜென்டோவுடையவை என்று பின்னர் அறிந்தேன். அந்த ஈடுபாடு இன்றும் என்னைத் தொந்தரவு செய்கிறது. கலைத்திறன் அதற்குச் சமாதானம் ஆகாது.

நீங்கள் பார்த்தது எந்தப் பிரதி? இத்தாலியப் பிரதி இரண்டு மணி நேரத்துக்கும் சற்று அதிகம். வெளிநாடுகளுக்குப் போனதில் சுமார் 20 நிமிடம் வெட்டப்பட்டது. வெட்டப்பட்டவற்றில் பெரும்பகுதி மார்க்கஸும் பத்திரிகையாளர் ஜானாவும் வரும் காட்சிகள். பெண்கள் பலவீனமானவர்கள் என்று பேசும் மார்க்கஸை ஜானா மேசையில் கைமல்யுத்தத்தில் தோற்கடிப்பார். கொலையாளி யாரென்று தெரிந்த பிறகு அந்தக் காட்சியைப் பார்த்தால் மார்க்கஸின் கண் எதனால் தவறியது என்பதும் விளங்கும். முழுப் பிரதியைத் தேடிப் பிடியுங்கள். ஹெல்காவின் வீட்டுக்குள் மார்க்கஸ் நுழையும் இடத்திலிருந்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முகத்தைக் கண்டதும் எனக்கு எழுதுங்கள்.