நீரில் அமினோ அமிலங்களைக் கண்டறியும் ஒளிரும் கட்டமைப்புகள்: கேள்வி பதில்

கேள்வி: உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகள் பிணைத்து உருவாகும் உலோக-கரிமக் கட்டமைப்பில் (எம்ஓஎஃப்) ஒளிர்வது உலோகமா, கரிமப் பகுதியா?

பதில்: இரண்டில் எதுவும் ஒளிரலாம். டெர்பியம், யூரோப்பியம் போன்ற லாந்தனைடு அயனிகள் தாமாக ஒளியை மிகக் குறைவாகவே உறிஞ்சும். அவற்றைப் பிணைக்கும் கரிம மூலக்கூறு (இணைப்பி) புற ஊதா ஒளியை உறிஞ்சி, அந்த ஆற்றலை அயனிக்குக் கடத்தும்போது, டெர்பியம் 545 நானோமீட்டரை ஒட்டிப் பச்சையாகவும், யூரோப்பியம் 615 நானோமீட்டரை ஒட்டிச் சிவப்பாகவும் ஒளிர்கின்றன.

கேள்வி: இவை நீரில் சிதையாமல் இருக்குமா?

பதில்: எல்லாம் இருப்பதில்லை. 1999-இல் வெளியான, துத்தநாகம் கொண்ட எம்ஓஎஃப்-5 காற்றின் ஈரத்திலேயே சிதையும். 2008-இல் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட யுஐஓ-66 சிர்கோனியத்தால் ஆனது. அது நீரைத் தாங்கும்.

கேள்வி: ஆஸ்பார்டிக் அமிலத்தைச் சேர்த்ததும் என் டெர்பியம் மாதிரியின் பச்சை ஒளி மங்கிவிட்டது. இதை உணர்வி என்று எழுதலாமா?

பதில்: இப்போதைக்கு எழுத வேண்டாம். தாங்கல் கரைசல் (பிஎச் மதிப்பை மாறாமல் காக்கும் கரைசல்) இல்லாத நீரில் 1 மில்லிமோலார் ஆஸ்பார்டிக் அமிலம் இருந்தாலே பிஎச் மதிப்பு 4-க்குக் கீழே இறங்கிவிடும். அந்நிலையில் கரிம இணைப்பி புரோட்டானை ஏற்று உலோகத்திலிருந்து விலகவும் கூடும் என்பதால், நீங்கள் கண்ட மங்கல் அமினோ அமிலத்தை அல்லாமல் வெறும் அமிலத்தன்மையைக் காட்டியதாக இருக்கலாம். அதே பிஎச் மதிப்புக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்து ஒரு முறையும், சோடியம் ஆஸ்பார்டேட்டைச் சேர்த்து ஒரு முறையும் அளந்து பாருங்கள். பிறகு திண்மத்தை வடிகட்டி, படிக அமைப்பு குலைந்துள்ளதா என்று அறிய அதன் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுப் படத்தைப் பழையதோடு ஒப்பிடுங்கள். வடிநீரில் டெர்பியம் கசிந்துள்ளதா என்பதையும் சோதியுங்கள். தாங்கல் கரைசல் தேவையென்றால் பாஸ்பேட்டைத் தவிர்ப்பது நல்லது. அது லாந்தனைடையும் சிர்கோனியத்தையும் இறுகப் பற்றிக் கட்டமைப்பையே குலைக்கும். ஹெப்பஸ் (HEPES) என்ற தாங்கல் கரைசல் அதைவிடப் பாதுகாப்பானது. இந்தச் சோதனைகள் இல்லாத ஆய்வுக் கட்டுரையை மதிப்பிட வேண்டி வந்தால், நான் முதலில் இவற்றைத்தான் கேட்பேன்.

கேள்வி: டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் மட்டும் எல்லாக் கட்டமைப்புகளையும் மங்கச் செய்கிறதே?

பதில்: டிரிப்டோஃபான் 280 நானோமீட்டரை ஒட்டி ஒளியை உறிஞ்சும். அதே அலைநீளத்தில் மாதிரியைத் தூண்டினால், கட்டமைப்புக்குச் சேர வேண்டிய ஒளியை அதுவே எடுத்துக்கொள்கிறது. இணைப்பி அனுமதித்தால் தூண்டும் அலைநீளத்தை 320 நானோமீட்டருக்கு அப்பால் நகர்த்துங்கள். ஒளிர்வின் ஆயுட்காலம் மாறாமல் ஒளிச்செறிவு மட்டும் குறைந்தால், மோதலால் ஏற்படும் தணிப்பு (ஒளிர்வு மங்குதல்) என்று எழுதக் கூடாது.

கேள்வி: ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இடக்கை, வலக்கை அமினோ அமிலங்களைப் பிரித்தறிய முடியுமா?

பதில்: கட்டமைப்பே கைத்தன்மை (இடக்கை, வலக்கை வேறுபாடு) உடையதாக இருந்தால் முடியும், இல்லையெனில் இரண்டுக்கும் ஒரே விடைதான் கிடைக்கும்.