நடுத்துண்டு யாருக்கு? – வாசகர் கேள்வி பதில்

கோடை நினைவுகளை எழுதி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல தர்பூசணி பத்திதான், அதனால இந்த தடவை வேற எதையும் எடுத்துக்கல.

கேள்வி: எங்க தாத்தா தோட்டத்துல தர்பூசணி போடுவாரு. லீவுக்கு போனதும் பசங்க எல்லாரும் பெரிய பழமா பாத்து "இதை பறிக்கலாமா தாத்தா"ன்னு கேப்போம், அவர் குனிஞ்சு காம்பு பக்கம் பாத்துட்டு "இன்னும் சுருள் காயல, போங்கடா"ன்னு விரட்டுவாரு. அவர் எதை பாத்தாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு தெரியல, சொல்வீங்களா?

பதில்: உங்க தாத்தாவுக்கு தொழில் தெரிஞ்சிருக்கு. பழத்தோட காம்பு கொடியில சேர்ற இடத்துல மெல்லிசா சுருண்ட ஒரு நார் இருக்கும், கொடி எதையாவது பிடிச்சுக்கறதுக்காக விடறது அது. அது பச்சையா வளைஞ்சு குடுத்தா பழம் இன்னும் ரெடியாகல, காஞ்சு பழுப்பாகி தொட்டதும் ஒடியற பதத்துக்கு வந்துட்டா பறிக்கலாம். அதோட பழத்தை லேசா புரட்டி அடியையும் பாத்திருப்பாரு. மண்ணுல படுத்த இடம் வெள்ளையா இருந்தா காய், நல்ல மஞ்சளா மாறியிருந்தா பழம். மேல்தோல்ல இருந்த பளபளப்பும் அந்த நேரத்துல மங்கிடும். தட்டிப் பாக்கறதும் ஒரு வழிதான், ஆனா அதுக்கு பழகின காது வேணும், கடையில வாங்கறப்போ நான் அடியில இருக்கற மஞ்சளைத்தான் நம்பறேன். அவர் அவ்வளவு கறாரா இருந்ததுக்கு காரணம் இருக்கு, தர்பூசணியை பறிச்சு வச்சு பழுக்க வைக்க முடியாது, கொடியில இருக்கும்போது ஏறுன இனிப்புதான் இனிப்பு, பறிச்ச அன்னியோட அது நின்னுடும். அவர் விரட்டலைன்னா நீங்க வெள்ளைக்காயைத்தான் தின்னிருப்பீங்க.

கேள்வி: நான் சின்ன வயசுல கொடியிலேயே பழத்தை பாத்து வளந்தவ. என் பிள்ளைங்க பழத்தை துண்டு போட்ட டப்பாவுலதான் பாத்திருக்காங்க, அவங்களுக்கு காட்டணும்னே வீட்டுக்கு பின்னாடி விதை போட்டேன். கொடி நல்லா ஓடுது, பூவும் நிறைய வருது, ஆனா பிஞ்சு குட்டியா இருக்கும்போதே மஞ்சளாகி விழுந்துடுது. என்ன பண்ணட்டும்?

பதில்: முதல்ல, இதை பிள்ளைங்களுக்காக பண்றீங்க பாருங்க, அதுக்கே ஒரு சபாஷ். இப்போ அந்த பூவை கிட்ட போய் பாருங்க. ஆண் பூவுக்கு அடியில வெறும் காம்புதான் இருக்கும், பெண் பூவுக்கு அடியில கோலிக்குண்டு சைஸ்ல மெல்லிய ரோமம் படர்ந்த ஒரு குட்டிப் பழமே உக்காந்திருக்கும், சில ரகத்துல அதுக்குள்ளயே கோடு கூட தெரியும். ஆரம்பத்துல ஆண் பூதான் நிறைய வரும், அதை பாத்து பயப்படாதீங்க. ஒரு பூ ஒரே ஒரு நாள்தான் விரியும், காலையில விரிஞ்சு மத்தியானத்துக்குள்ள சுருங்கிடும், அந்த சில மணி நேரத்துக்குள்ள தேனீ வந்து ஆண் பூவோட மகரந்தத்தை பெண் பூவுல கொண்டுபோய் சேக்கணும். சேரலைன்னா அந்த குட்டிப் பழம் மஞ்சளாகி சுருங்கி விழுந்துடும். பெரும்பாலும் உங்க வீட்ல நடக்கறது இதுதான். சுத்திலும் பூச்செடி இருந்தா தேனீ வரும், பூச்சி மருந்து அடிச்சா வராது. தேனீயே இல்லைன்னா பிள்ளைங்களை காலையிலேயே எழுப்பி கூட்டிட்டு போங்க, அன்னிக்கு விரிஞ்ச ஆண் பூ ஒண்ணை பறிச்சு இதழை பிச்சிட்டு நடுவுல இருக்கற மகரந்தத்தை பெண் பூவோட நடுவுல நாலு பக்கமும் மெதுவா தடவச் சொல்லுங்க. அதுக்கப்புறம் அந்த பிஞ்சு அவங்களோடது, தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் அதை பாக்க ஓடுவாங்க, நீங்க சொல்லவே வேணாம்.

பிஞ்சு பிடிச்சதும் ஒரு கொடிக்கு ரெண்டு இல்ல மூணு மட்டும் விட்டுட்டு மத்ததை எடுத்துடுங்க, மனசு வராது, ஆனாலும் எடுங்க, இருக்கற சத்து எல்லாத்துக்கும் பிரிஞ்சு போனா ஒண்ணுமே இனிக்காது. நாள் முழுக்க வெயில் படணும், தண்ணி தேங்காத மண்ணா இருக்கணும். வேர்ல ஆழமா தண்ணி ஊத்துங்க, இலையை நனைக்காதீங்க. பழம் பெருத்து முடிஞ்சதும் தண்ணியை குறைச்சுடுங்க, கடைசி நேரத்துல திடீர்னு நிறைய ஊத்துனா இனிப்பு குறையும், சமயத்துல பழமே வெடிச்சிடும். பழத்துக்கு அடியில கொஞ்சம் வைக்கோல் போட்டா ஈரத்துல அழுகாது. பிஞ்சு பிடிச்சு ரகத்தை பொறுத்து 30 லேர்ந்து 45 நாள்ல பழம் ரெடி, அப்போ முதல் கேள்வியில வந்த தாத்தா சொன்ன சுருளை பாருங்க.

கேள்வி: விதையை முழுங்கினா வயித்துல கொடி முளைச்சு காது வழியா வரும்னு அக்கா சொல்லி ஒரு கோடை முழுக்க பயந்தேன். இப்போ என் பொண்ணு அதே கேள்வியை கேக்கறா.

பதில்: முளைக்காது, ஜீரண அமிலத்துல எந்த விதையும் கொடி விடாது, அப்படியே வெளிய போயிடும். விதையை வறுத்து சாப்பிடவே செய்யலாம்னு பொண்ணு கிட்ட சொல்லுங்க, பயம் போய் ஆசை வந்துடும்.

கேள்வி: எங்க வீட்ல பழம் வெட்டுனா நடுத்துண்டுக்கு சண்டை, அப்பவும் சரி, அண்ணன் தம்பிகளுக்கு கல்யாணம் ஆகி பிள்ளை குட்டின்னு ஆன இப்பவும் சரி. நடுவுல மட்டும் ஏன் அவ்வளவு இனிப்பு?

பதில்: சண்டையில நியாயம் இருக்கு, பழத்தோட நடுப்பகுதியிலதான் சர்க்கரை அதிகம், தோல் பக்கம் வர வர குறையும். அதனால வெட்டற விதத்துலதான் இருக்கு விஷயம். பழத்தை குறுக்க ரெண்டா வெட்டி கவுத்து வச்சு நடுப்புள்ளி வழியா போற மாதிரி ஆரஞ்சு சுளை கணக்கா கீறிட்டே வாங்க, ஒவ்வொரு துண்டோட நுனியிலயும் நடுப்பகுதி கொஞ்சம் வந்துடும், யாருக்கும் குறை இல்ல. எங்க வீட்ல அத்தை அப்படித்தான் வெட்டுவாங்க. சதுரமா நறுக்கி முள்கரண்டி குத்தி குடுக்கறதுல எனக்கு இஷ்டமே இல்ல, தோலோட கையில பிடிச்சு முழங்கை வரைக்கும் ஒழுக ஒழுக சாப்பிடணும், வாசல்ல எல்லாரும் வரிசையா உக்காந்து விதை துப்பணும். வெட்டறதுக்கு முன்னாடி மேல்தோலை நல்லா கழுவிடுங்க, தோல்ல இருக்கற அழுக்கும் கிருமியும் கத்தியோடவே உள்ள போகும். வெட்டுனது மீந்தா ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜ்ல வச்சிடணும்.

கேள்வி: அம்மாவுக்கு சுகர். நாங்க எல்லாரும் சாப்பிடும்போது அவங்க மட்டும் எழுந்து உள்ள போயிடறாங்க, மனசு கஷ்டமா இருக்கு.

பதில்: அவங்களை உக்கார வைங்க. 100 கிராம் பழத்துல 90 கிராமுக்கு மேல தண்ணிதான், சர்க்கரை சுமார் 6 கிராம். சீக்கிரமா ரத்தத்துல ஏறற சர்க்கரைங்கறதால அளவுதான் முக்கியம், ஜூஸா வேணாம், சின்ன துண்டு ஒண்ணு மென்னு சாப்பிடலாமான்னு அவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. கிட்னி பிரச்சனையும் இருந்தா பழத்துல இருக்கற பொட்டாசியத்தையும் கணக்கு பாக்கணும், அதையும் சேத்து கேளுங்க.

கேள்வி: விதை இல்லாத பழம் இப்போ நிறைய வருது. விதையே இல்லாம எப்படி விளையுது, ஊசி ஏதாவது போடறாங்களா?

பதில்: ஊசி எல்லாம் இல்ல. சாதாரண தர்பூசணியோட ஒவ்வொரு செல்லுலயும் 22 குரோமோசோம், அதாவது மரபுப் பண்பை சுமக்கற இழை, இருக்கும். கொல்சிசின்ங்கற பொருளை வச்சு அதை 44 ஆக்கி, அந்த செடியை மறுபடி 22 இருக்கறதோட சேத்தா கிடைக்கற விதையில 33 இருக்கும், அது ஜோடி சேராததால பழத்துல விதை முத்தாது. நாம பாக்கற அந்த வெள்ளை விதை உள்ள ஒண்ணும் இல்லாத வெறும் கூடுதான். ஜப்பானோட மரபியல் விஞ்ஞானி கிஹாரா ஹிதோஷிதான் இதுல முன்னோடி, 1951லயே இது பத்தி எழுதிட்டாரு. பயம் இல்லாம சாப்பிடலாம், ஆனா விதை துப்பற போட்டி வைக்க முடியாதே, எனக்கு அது ஒரு பெரிய நஷ்டம்.

கேள்வி: போன கோடையில பக்கத்து வீட்டு அம்மா குடுத்த பழம் மாதிரி நான் சாப்பிட்டதே இல்ல. அவங்க இப்போ வீடு மாத்திட்டாங்க. அந்த விதையை எடுத்து வச்சிருக்கேன், போட்டா அதே பழம் வருமா?

பதில்: அது நாட்டு ரகமா இருந்து பக்கத்துல வேற ரகம் எதுவும் பூக்காம இருந்திருந்தா வரும், ரெண்டு ரகத்தை சேத்து உண்டாக்கற ஹைப்ரிடா இருந்தா அதே ருசி வர்றது கஷ்டம். அவங்களுக்கு ஒரு ஃபோன் போட்டு என்ன விதைன்னு கேளுங்க, பேசறதுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. எப்படி இருந்தாலும் முத்தின விதையா பொறுக்கி நிழல்ல நல்லா காய வச்சு, ரகத்தையும் வருஷத்தையும் கவர் மேல எழுதி ஈரம் படாத இடத்துல வைங்க, சில வருஷம் தாங்கும். எல்லாத்தையும் ஒரே தடவையில போட்டுடாதீங்க, கொஞ்சம் மிச்சம் வைங்க, முதல் பழம் நல்லா வந்துட்டா பழத்தோட விதையும் கேட்டு நாலு பேர் வருவாங்க.