அலகு நூலகத்தில் மாறிலிகளை வெறும் எண்ணாக வைக்கலாமா?

அளவுகளை அவற்றின் அலகோடு சேர்த்துக் கையாளும் நிரல் நூலகத்தில், ஒளிவேகத்தை 299792458.0 என்று வெறும் எண்ணாக எழுதி வைத்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, மீட்டர்/விநாடி அதோடு ஒட்டியே இருக்க வேண்டும். அதைவிட நல்ல வழி, ஒளிவேகத்தையே ஓர் அலகாக அறிவிப்பது. அப்போது ‘0.5 ஒளிவேகம்’ என்பதில் சேமிக்கப்படும் எண் 0.5 மட்டும்தான். சூத்திரத்தில் மேலும் கீழும் ஒளிவேகம் வந்தால் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே இரண்டையும் அடித்துவிடும், தேவையில்லாத பெருக்கலும் அதில் வரும் சின்னச் சின்னப் பிழைகளும் மிச்சம். மீட்டர் கணக்கில் கேட்கும்போது பெருக்கினால் போதும்.

அப்புறம், எல்லா மாறிலியும் ஒரே ரகம் அல்ல. ஒளிவேகமும், 2019 முதல் பிளாங்க் மாறிலியும் வரையறையாலேயே துல்லியமானவை. ஈர்ப்பு மாறிலி அளந்து பெற்றது: 6.67430 × 10⁻¹¹, கடைசி இரண்டு இலக்கத்தில் 15 அளவுக்கு நிச்சயமின்மை. அதையும் கூடவே வையுங்கள்.

நான் அதிகம் பயப்படுவது ஈர்ப்பு முடுக்கத்துக்கு எழுதும் 9.80665 (மீட்டர்/விநாடி²) என்ற எண்ணுக்குத்தான். அது 1901-இல் ஒப்புக்கொண்ட நியம மதிப்பு. சேலத்தில் உண்மையான ஈர்ப்பு முடுக்கம் ஏறக்குறைய 9.78, ஏற்காடு மேலே இன்னும் துளி குறைவு. அங்கே 50 கிலோ காப்பி மூட்டையின் எடைவிசையை நியூட்டனில் அளந்து 9.80665-ஆல் வகுத்தால் 100 கிராமுக்கு மேல் காணாமல் போகும். அதனால் ‘நியம_ஈர்ப்பு’ என்றே பெயர் வையுங்கள். உள்ளூர் மதிப்பைப் பயனரிடம் கேட்டு வாங்குங்கள்.