ஆட்டோமேஷன் கேள்வி-பதில்: கணக்கு யார் பெயரில்?

வேலையைத் தானாக ஓட்டும் சேவைகளான ஜாப்பியர், மேக், என்எட்என்: மூன்றில் எது மலிவு?
(மளிகை மொத்த வியாபாரி, கீழமாசி வீதி)

மாதம் எத்தனை பில், ஒரு பில்லுக்கு எத்தனை படி (தானாக நடக்கும் தனித்தனி வேலை) என்று எழுதாமல் விலையை மட்டும் கேட்டால் நான் என்ன சொல்வது? மூன்றும் எண்ணும் விதமே வேறு. ஜாப்பியர் டிரிகரையும் (வேலையைத் தொடங்கிவைக்கும் நிகழ்வு) ஃபில்டரையும் (வேண்டாததை வடிகட்டும் படி) விட்டுவிட்டு, செய்து முடித்த ஒவ்வொரு படியையும் எண்ணும். மேக் டிரிகரையும் சேர்த்து எண்ணும். என்எட்என் கிளவுடில் தொடக்கம் முதல் முடிவு வரை ஓடினால் ஒன்று, அவ்வளவுதான். தினம் 100 பில், டிரிகருக்குப் பின் ஐந்து படி என்று வைத்தால் மாதத்துக்கு எண்ணிக்கை ஜாப்பியரில் 15,000, மேக்கில் 18,000, என்எட்என்னில் 3,000. இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு விலைப் பட்டியலைத் திறங்கள். எதை வாங்கினாலும் சந்தாக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும்.

டேலியிலிருந்து பாக்கிப் பட்டியலை நள்ளிரவில் தானாக எடுக்க முடியுமா?
(உதிரிபாகத் தொழிற்சாலை, கப்பலூர்)

முடியும். மற்ற மென்பொருள் படிக்கும் எக்ஸ்எம்எல் வடிவில் டேலி அதைத் தரும். அதை எடுக்கும் போர்ட் (கம்ப்யூட்டரின் இணைப்பு வாசல்) வழக்கமாக 9000. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், டேலியில் உங்கள் கம்பெனி திறந்திருக்க வேண்டும். கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிற அலுவலகத்தில் நள்ளிரவு வேலை நடக்காது. மாலை ஏழு மணிக்கு எடுங்கள். அந்தப் போர்ட்டை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடாதீர்கள்.

எல்லாம் அமைத்துக் கொடுத்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். வாடிக்கையாளருக்கு ஆர்டர் விவரம் போவது நின்று பத்து நாளாகிறது. அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. வேறு எந்த மென்பொருளுக்கு மாறலாம்?
(ஜவுளிக் கடை, விளக்குத்தூண்)

எதற்கும் மாறாதீர்கள். மென்பொருள் கெட்டுப்போகவில்லை. சந்தாக் கணக்கு வேலையை விட்டுப் போனவருடைய சொந்த ஜிமெயிலில், ஓடிபி அவருடைய கைபேசிக்கு, ஆர்டர் ஷீட்டுக்கு உரிமையாளரும் அவரே. மாதாமாதம் பணம் மட்டும் உங்கள் கார்டிலிருந்து. கடைப் பத்திரத்தைக் கணக்குப்பிள்ளை பெயரில் பதிவு செய்வீர்களா? இந்தக் கடிதம் வராத மாதமே எனக்கு இல்லை. ஊரும் தொழிலும்தான் மாறுகின்றன. பத்து நாள் தெரியாமல் போனதற்கும் இதுவே காரணமாக இருக்கும்: பிழை அறிவிப்பு அவருடைய இன்பாக்ஸில் விழுந்திருக்கும்.

முதலில் அவரை மரியாதையாக அழைத்துப் பேசுங்கள். சம்பள பாக்கி இருந்தால் கொடுத்துவிடுங்கள். திட்டினால் கிடைக்க இருப்பதும் கிடைக்காது. அவரை உட்கார வைத்துச் சந்தாக் கணக்கின் மின்னஞ்சலை மாற்றுங்கள். ஓடிபி கடையின் எண்ணுக்கு வரட்டும். ஷீட்டில் ஒரு சிக்கல் உண்டு. சொந்த ஜிமெயிலிலிருந்து நிறுவன டொமைன் கணக்குக்கு உரிமையை நேராக மாற்றக் கூகுள் விடாது. நகல் எடுத்து, தானாக ஓடும் வேலையை அந்த நகலோடு இணைக்க வேண்டும். உள்ளே அவருடைய கூகுள் லாகின் இருக்கும் ஒவ்வொரு இணைப்பையும் நிறுவனத்தின் லாகினில் புதிதாகக் கொடுங்கள். ஒன்றை மறந்தாலும் அவர் கடவுச்சொல்லை மாற்றும் அன்று மறுபடியும் நிற்கும். பிழை அறிவிப்பு இரண்டு பேருக்குப் போகட்டும். அதில் ஒருவர் முதலாளி.

கியூஆர் ஸ்கேன் செய்தால் போதும், வாட்ஸ்அப்பில் ஆயிரம் பேருக்குத் தானாக அனுப்பும் என்கிறார்கள். வாங்கலாமா?
(மேலூர்)

வேண்டாம். உங்கள் எண்ணையே வாட்ஸ்அப் முடக்கிவிடக்கூடும். வாட்ஸ்அப்பின் அதிகாரபூர்வ பிசினஸ் ஏபிஐ (மென்பொருள்கள் இணையும் வழி) வழியாக மட்டும் அனுப்புங்கள்.

சொந்த சர்வரில் என்எட்என் வைத்திருக்கிறோம். காலை 9 மணி நினைவூட்டல் மாலை ஆறரைக்குப் போகிறது.
(திருமங்கலம்)

அமைப்பில் நேரத்தைத் தொடவே இல்லை போலிருக்கிறது. அது இயல்பாக நியூயார்க் நேரத்தில் ஓடும். ஆசியா/கொல்கத்தா என்று மாற்றுங்கள். அப்படியே லாகின்களைப் பூட்டிவைக்கும் என்க்ரிப்ஷன் சாவியை வேறோர் இடத்தில் எடுத்து வையுங்கள். அது தொலைந்தால் சேமித்த லாகின் எதையும் திறக்க முடியாது. சர்வர் யார் பெயரில் இருக்கிறது? எழுதவில்லையே.

பில் போட்டதும் இ-இன்வாய்ஸும் (ஜிஎஸ்டிக்காக ஆன்லைனில் பதிவு செய்யும் பில்) தானாகப் போகட்டுமா?
(சிம்மக்கல்)

விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டி, இ-இன்வாய்ஸ் கட்டாயமானவர் என்று எடுத்துக்கொள்கிறேன். அதைப் பதிவு செய்யும் போர்ட்டலில் ரத்து செய்ய 24 மணி நேரம்தான். அதற்குப் பின் கிரெடிட் நோட்டுதான் வழி. விவரங்களைத் தானாக நிரப்பட்டும், அனுப்பும் பொத்தானை உங்கள் பில்லிங் ஆள் பார்த்து அழுத்தட்டும்.